கரைக்கு முதுகு காட்டி

நாங்கள் நால்வரும் ஒன்றாகத் துடுப்பை இழுத்தோம். படகு நகரவில்லை. இன்னொரு முறை இழுத்தோம். அடியில் ஏதோ மெத்தென்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

சுக்கானைப் பிடித்திருந்த அன்னம்மா டீச்சர் வாயிலிருந்த விசிலை எடுத்தார். "சேறு" என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்காவை அவர் பார்த்த பார்வை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

படகுத் துறையை விட்டு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. துறையில் நிற்பவர்களின் முகம் தெரிகிற தூரம். பேசினால் கேட்காது, கத்தினால் கேட்கும். அங்கே என் வீட்டுக்காரரின் இடுப்பில் என் பையன் இருந்தான். அவன் கையில் கடித்து மீந்த பிஸ்கட்டு இருந்ததுகூட எனக்குத் தெரிந்தது.

"என்னா, சிங்கப்பூர் வந்துருச்சா?" என்று துறையிலிருந்து பாக்கியம் அக்காவின் புருஷர் கத்தினார். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் பையனுக்கும் நடுவில் இருந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறச் சேறாக மாறிக்கொண்டிருந்தது.

ஒரு சகோதரியின் கேள்வி

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு முன்கதையைச் சொல்ல வேண்டும். பையனுக்கு டின் பால் ஒத்துக்கொள்ளாத கதையைச் சென்ற இதழில் எழுதியபோது, போகிறபோக்கில் "நான் படகு ஓட்டிய நாட்களில்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "குழந்தை தும்மினால்கூடப் பயப்படுகிறவர் அதைக் கரையில் விட்டுவிட்டு எப்படிக் கடலுக்குப் போனீர்கள்?"

நியாயமான கேள்வி. நானே பல தடவை என்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில். தண்ணீர் என்றால் எனக்குக் குழாய்த் தண்ணீர்தான். கல்யாணமான பிறகுதான் கிள்ளான் ஆறு கடலில் சேரும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் கரிப்புகை, கருவாடு, ரப்பர் ஷீட் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இப்போது எங்காவது வெளியூர் போனால் அந்த வாசனை இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

பையன் பிறந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவன் தூங்கும்போது மூக்கினடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். திருப்தியாகப் படுப்பேன். கொஞ்ச நேரத்தில், நான் சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடி எழுந்து விரலை வைப்பேன். அவன் விழித்து அழுவான். அழுகை வந்தால் எனக்கு நிம்மதி. இப்படியே மாதக்கணக்காகப் போயிற்று.

கிள்ளானில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். பையனுக்குச் சளி என்று கூட்டிப்போனால், பையனை விட்டுவிட்டு என் நாக்கையும் கண்ணையும் பார்த்தார். "இவன் நல்லாத்தான் இருக்கான். நீங்க வீட்டைவிட்டு வெளிய போங்க. காத்து வாங்குங்க" என்றார். மருந்து ஏதும் தரவில்லை. மருந்து தராத டாக்டரை நம்பலாமா கூடாதா என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

பச்சைப் படகு

அப்போது எங்கள் ஊரில் முகத்துவாரப் படகுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. துறைமுகக் குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், வாத்தியார்கள் சேர்ந்து நடத்தியது. ஏதோ ஒரு கப்பலில் கழித்துவிட்ட உயிர்காப்புப் படகுகள் இரண்டை வாங்கி, ஓட்டை அடைத்துப் பச்சை வர்ணம் பூசி வைத்திருந்தார்கள். நாலு பேர் துடுப்புப் போட, ஒருவர் பின்னால் சுக்கான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரும் போய்வருவார். வரும்போது நன்றாகப் பசிக்கும் அவருக்கு.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "பொம்பளைங்களுக்கும் ஒரு படகு விடப்போறாங்களாம். நீ போறியா?"

நான் விளையாட்டு என்று நினைத்துக் குழம்பை ஊற்றினேன். மறுநாளே பெண்கள் பள்ளி அன்னம்மா டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளி விசிலைக் கழுத்தில் போட்டபடியே பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர். என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மாவாட்டுற கையா?"

"ஆமாங்க டீச்சர்."

"போதும். ஞாயித்துக்கிழமை வாங்க."

"குழந்தை இருக்கே, டீச்சர்?"

"குழந்தைக்கு அப்பா இருக்கார்ல?"

இந்தப் பதில் எனக்குத் தோன்றவே இல்லை. குளிக்கிற நேரம் தவிர அவரிடம் பையனை நான் விட்டதே கிடையாது.

சங்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் பார்ப்போம், ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் அன்றோடு பெண்கள் படகு நின்றுவிடும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நானும் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவைத்தேன்: பையனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அதன்பிறகு துடுப்பைத் தொடமாட்டேன்.

பின்னால் பார்க்கக் கூடாது

துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசையைப் பார்ப்பதில்லை என்பது முதல் நாள்தான் எனக்குத் தெரிந்தது. விட்டு வந்த கரையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். போகிற வழியைச் சுக்கான் பிடிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

அது தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! துடுப்பை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் என் எதிரில் பையன் இருந்தான். தூரம் கூடக்கூடச் சின்னதானான். ஆனால் மறையவில்லை. சேலையை இழுத்து இடுப்பில் செருகி, முந்தானையை ஊக்குக் குத்தி இறுக்கியிருந்தோம். முகத்தில் உப்புக் காற்று. உள்ளங்கையில் எரிச்சல். என் மனம் காலியாக இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு அப்படி இருந்தது.

தொல்லையெல்லாம் திரும்பி வரும்போதுதான். படகு திரும்பியதும் கரை முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரில் வெறும் கடலும் அக்கரைத் தீவின் சதுப்புக்காடும்தான். பையன் என்ன செய்கிறானோ என்று கழுத்து தானாகத் திரும்பும். கழுத்து திரும்பினால் துடுப்பு கோணும். தண்ணீர் வாரி அடிக்கும். படகு ஒரு பக்கமாக இழுக்கும்.

இதில் வேடிக்கை, நான் திரும்பினாலும் கரை தெரியாது. எனக்குப் பின்னால் இருக்கும் பாக்கியம் அக்காவின் முகம்தான் தெரியும். ரயில் எஞ்சினுக்குக் கரி போடுகிறவரின் மனைவி. அகலமான ஆள். அவரைத் தாண்டி எதுவும் தெரியாது.

"என் மூஞ்சில என்னடி இருக்கு? துடுப்பப் பாரு!" என்பார்.

"பையன் அழற மாதிரி இருக்குக்கா."

"அது கொக்குடி!"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். முன்வரிசையில் இருந்த தபால் குமாஸ்தா மனைவி லட்சுமியும் நர்ஸ் ரோஸம்மாவும் சிரித்துச் சிரித்து, அவர்கள் துடுப்பும் கோணும். "கமலம், இன்னொரு தடவை திரும்பினா உங்களை இறக்கிவிட்டு வேற ஆள் பாப்பேன்" என்று டீச்சர் ஒரு நாள் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார்.

சொல்லாத பெயர்

இன்னொரு பழைய விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் வாராவாரம் நான் "வீட்டுக்காரர்", "அவர்" என்றே எழுதிவருவதைக் கவனித்திருப்பீர்கள். காகிதத்தில்கூட எனக்கு அப்படித்தான் வரும். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். கான்வென்டில் ஏழாம் ஸ்டாண்டர்டு வரை படித்தவள்தான். அதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். சொல்லு பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்பேன்.

பையன் பிறந்ததைப் பதியப் போனபோது அங்கிருந்தவர், "தகப்பன் பேர்?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "பேர் தெரியாதா?" என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். எழுதத் தெரிந்ததால் மானம் பிழைத்தது.

அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் "இந்தா" என்றார். பையன் பிறந்த பிறகு "செல்வம் அம்மா" ஆனேன். நான் "என்னங்க" என்பேன். இரண்டு அறை வீட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ராகு காலம்

சேற்றில் மாட்டிய அந்த நாள் ஒரு திங்கட்கிழமை, அரசாங்க விடுமுறை. பெண்கள் எப்படித் துடுப்புப் போடுகிறார்கள் என்று பார்க்கச் சங்கத்துப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். காலையிலேயே தண்ணீர் ஏறி, படகுத் துறையின் படிகளைத் தொட்டுக்கொண்டு நின்றது. டீச்சர் விசிலை ஊதினார். நாங்கள் படியில் இறங்கப் போனோம்.

"ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிருச்சே!" என்றார் பாக்கியம் அக்கா. "பெரிய மனுசங்க எல்லாம் வந்து பாக்குறாங்க. இந்த நேரத்துலயா படகு எடுப்பாங்க? ஒம்பது மணி ஆகட்டும்."

"கடலுக்கு ராகு காலம் தெரியுமா? தண்ணி இறங்கிடும்" என்றார் டீச்சர்.

"தண்ணி நாளைக்கும் ஏறும் லா. போன உசுரு வருமா?"

உயிர் என்ற சொல் என் காதில் விழுந்ததும் பையனை இறுக்கிக்கொண்டேன். லட்சுமி, "இருக்கலாமே டீச்சர்" என்றாள். துறையில் நின்ற ஆண்களும், அதுவும் சரிதான் என்பதுபோல வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் தன்னந்தனியாகப் படியில் உட்கார்ந்து தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, அமர்க்களமாகப் புறப்பட்டோம். புறப்பட்டு வந்துதான் சேற்றில் உட்கார்ந்தோம்.

"என்னங்க!"

எங்களை இழுத்துவிடச் சம்பான் என்னும் சின்னப் படகில் ஒருவர் ஆழமான வாய்க்கால் பக்கமாக வந்துகொண்டிருந்தார். துறையில் இருந்தவர்கள் தாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கயிறு தேடினார்கள். ஒரு பெரிய வடம் கிடைத்தது. அது சிக்கலாகிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

என் வீட்டுக்காரரும் சிக்கலை எடுக்கப் பையனைக் கீழே இறக்கிவிட்டார்.

அவன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். நாலு எட்டு வைத்து உட்காருவான், பிறகு எழுவான். இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். பையன் பிஸ்கட்டைப் போட்டுவிட்டு எழுந்தான். படி இறங்குகிற பக்கம் தடுப்பு கிடையாது. தண்ணீர் இறங்கிவிட்டதால் கீழே வெறும் மரத்தூண்களும் சேறும். அந்தப் பக்கமாகத்தான் நடந்தான்.

"என்னங்க!" என்று கத்தினேன்.

துறையில் நின்ற கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நிமிராதவர் ஒருவர்தான்.

"என்னா?" என்றார் பாக்கியம் அக்காவின் புருஷர், காதில் கையை வைத்து.

"என்னங்க! என்னங்க!" என்று லட்சுமியும் பாக்கியம் அக்காவும் சேர்ந்து கத்தினார்கள். அதனால் இன்னும் குழப்பம்தான். "பொறுங்கம்மா, கயிறு வருது!" என்று செயலாளர் கையை ஆட்டினார். நாங்கள் பயந்துபோய்க் கத்துகிறோம் என்று நினைத்து எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவர்கள் காலடியில் போன பையனை ஒருவரும் பார்க்கவில்லை.

பையன் உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். இன்னும் இரண்டு எட்டு.

"சபாபதி!"

அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். "ங்க" இல்லை, "அவர்கள்" இல்லை. வெறும் பெயர்.

அப்படி அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான், ஆபீஸ் பெரிய துரை. இவர் வடத்தைப் போட்டுவிட்டு விறைத்து நிமிர்ந்து, "யெஸ் சார்!" என்று திரும்பினார்.

திரும்பியதும் பையனைப் பார்த்தார். பாய்ந்தார். சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். பையன் காற்றில் காலை உதைத்தான். பிறகு, விளையாட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று வீறிட்டு அழுதான்.

என் துடுப்பை எப்போது படகுக்குள் போட்டேனோ தெரியவில்லை. இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பையன் பிழைத்தான் என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது.

"அக்கா, அவர் பேரைச் சொல்லிட்டேன். இத்தனை பேர் முன்னால."

"அதுக்கென்ன இப்ப?"

"ஆயுசு..."

பாக்கியம் அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். "அட போடி! பேர் சொன்னா ஆயுசு கொறையும்னா, தொரைசானி கூப்பிடுற கூப்புக்குத் தொரை என்னைக்கோ போயிருக்கணும்!"

ராகு காலம் பார்த்தே தீர வேண்டும் என்றவர் பேசுகிற பேச்சா இது என்று டீச்சர் அவரைப் பார்த்தார். ஆனால் சிரித்துவிட்டார். சேற்றில் உட்கார்ந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

கரைக்கா, கடலுக்கா?

சம்பான்காரர் எங்கள் படகைக் கட்டி, சேற்றிலிருந்து இழுத்து ஆழமான வாய்க்காலில் விட்டார். படகு மறுபடி மிதந்தது. கரைக்குப் போவதென்றால் கொஞ்ச தூரத்தில் ஆழமான பக்கத்துப் படி ஒன்று இருந்தது. கடலுக்குப் போவதென்றால் எதிரே வழி.

டீச்சர் என்னைப் பார்த்தார். "கமலம், நீங்கதான் சொல்லணும். கரைக்கா, கடலுக்கா?"

கரைக்கு என்றுதான் வாயெடுத்தேன். முருகனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. பையனுக்குக் கீறல் விழவில்லை. விழாததைக் கணக்கில் எடுக்கலாமா, விழப் பார்த்ததே போதுமா? இப்போது கரைக்குப் போனால் பெண்கள் படகு இன்றோடு சரி என்பதும் தெரிந்தது. பெரியவர்கள் துறையில் தலையைத் தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் இவரிடம் என்னவோ சொன்னார்.

இவர் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் கட்டுகிற மாதிரி, பையனைத் தன் மார்போடு சேர்த்து வைத்துச் சுற்றினார். முதுகுப்பக்கம் முடிச்சுப் போட எட்டவில்லை. பாக்கியம் அக்காவின் புருஷரைக் கூப்பிட்டு முதுகைக் காட்டி நின்றார். அவர் முடிச்சைப் போட்டுவிட்டு, இழுத்தும் பார்த்தார். கோட்டுப் போட்ட துறைமுகக் குமாஸ்தா, சங்கத்துப் பெரியவர்கள் நடுவில், மார்பில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பார்த்துக்கொள் என்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பையன் விழவில்லை.

"கடலுக்கு டீச்சர்" என்றேன்.

விசில் ஒலித்தது.

அன்று தீவின் முனை வரை போனோம். போகும்போது பயமில்லை. எதிரில் அந்த வெள்ளைத் துண்டு தெரிந்துகொண்டே இருந்தது. முனையில் படகைத் திருப்பினார் டீச்சர். வெள்ளைத் துண்டு என் கண்ணிலிருந்து நழுவி, முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"திரும்பாதடி" என்றார் பாக்கியம் அக்கா, முன்கூட்டியே.

எதிரில் கடல். கழுத்து அரித்தது. முடிச்சு அவிழ்ந்திருக்குமோ? வெயிலில் பையன் தலை காயுமோ? மனுஷர் பசிக்கு என்ன கொடுத்திருப்பார்? இழுத்தேன். இன்னும் இழுத்தேன். கரை எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதுகூட எனக்குத் தெரியாது. இனித் தாங்காது, திரும்பிவிடுவேன் என்று நினைத்தபோது தண்ணீரின் மேல் ஒரு குரல் வந்தது.

"கமலம்!"

துடுப்பு ஒரு கணம் கையில் நின்றது. என் பெயர் அவர் குரலில் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"கமலம்! இங்கதான் இருக்கான்!"

முன்னால் லட்சுமி களுக்கென்று சிரித்தாள். நான் இழுத்தேன். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒரு முறை அந்தக் குரல் வந்தது.

"கமலம்! கஞ்சி குடிச்சிட்டான்!"

"கமலம்! கொக்கப் பாக்குறான்!"

ஊரே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது எனக்கு. படகு நேராக வந்தது. அத்தனை நேராக அது ஒரு நாளும் வந்ததில்லை என்று டீச்சர் பிறகு சொன்னார். பெரியவர்களும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள் போலும். பெண்கள் படகை நிறுத்துவது பற்றி அதன்பிறகு ஒருவரும் பேசவில்லை.

இந்த வாரம் இதை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன்: "உங்க பேரை அச்சில் போடலாமா?" செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கடல்ல கூப்பிட்டாச்சு. காகிதத்துல என்ன?" என்றார். ஆனாலும் வீட்டுக்குள் இன்றைக்கும் "என்னங்க"தான். படகுக்கு மட்டும்தான் பெயர்.

அன்று துறை நெருங்கும்போது கடைசியாக ஒரு முறை கூப்பிட்டார்.

"கமலம்! தூங்கிட்டான்!"

அதை அவர் அவ்வளவு பலமாகச் சொல்லியிருக்க வேண்டாம். மறுகணமே பையன் விழித்து வீறிட்ட சத்தம் கேட்டது. கொக்கு அல்ல, சந்தேகமே இல்லை. என் பையன்தான்.

"அடியே, திரும்பலையா?" என்றார் பாக்கியம் அக்கா.

"எதுக்குக்கா? அதான் கேக்குதே" என்று துடுப்பை இழுத்தேன்.